வெடிக்கு அசராத பிள்ளை

நாரணாபுரம்,
28-6-1964

தம்பி தங்கச்சாமிக்கு அக்கா வேலுத்தாய் எழுதுவது.

இங்கே எல்லோரும் தின்று, தூங்கி, சண்டை போட்டு நன்றாகவே இருக்கிறோம். பம்பாயில் நீ சப்பாத்தி தின்று எப்படி இளைத்துப் போயிருக்கிறாயோ தெரியவில்லை. ஒரு போட்டோ அனுப்பு என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிக்கிறது. கலெக்டர் மாதிரி பிகு பண்ணாதே.

ராக்காயிக்கு ஆவணியில் காது குத்துவதாக முடிவு செய்திருக்கிறோம். குலசாமி கோயிலில் மொட்டையும் அன்றைக்குத்தான். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு என் பிறந்த வீடு என்றால் நீ ஒருத்தன்தான். நீ வராவிட்டால் மாமியார் வகையில் யாரையாவது மாமன் முறை என்று சொல்லி உட்கார வைத்துவிடுவார்கள். அப்புறம் இந்த வீட்டில் எனக்கென்று பேச ஆளில்லை என்று தண்டோராப் போட்ட மாதிரி ஆகிவிடும்.

பிள்ளைக்கு ஒன்றரை வயது முடிந்துவிட்டது. நடக்கிறாள், ஓடுகிறாள், நான் வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டும்போது பசைச் சட்டியைக் கவிழ்த்துவிட்டுச் சிரிக்கிறாள். தீபாவளி சீசன் ஆர்டர் வந்து, பக்கத்துக் கம்பெனியில் தினமும் டிரையல் வெடி போடுகிறார்கள். தெருப் பிள்ளைகளெல்லாம் வீல் என்று அலறிக்கொண்டு அம்மாக்களைத் தேடி ஓடுகின்றன. இவள் மட்டும் விளையாடிய இடத்தைவிட்டு நகர்வதில்லை. மாமியார் அய்யம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. "எம் பேத்தி வெடிக்கே அசராதவ! சிங்கக்குட்டில்ல பெத்திருக்கா எம் மருமக!" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். எனக்கு அவ்வளவு சிரிப்பு வரவில்லை. நீ வந்தால் உன்னோடு தனியாகப் பேச வேண்டும். அவசியம் வா.

கடிதத்தை உன் மச்சான்தான் தபாலில் போடுவார். ஒட்டுவதற்கு முன்னால் பிழை திருத்துகிறேன் என்று ஒரு தடவை படிப்பார். படிக்கட்டும்.

உன் அக்கா,
வேலுத்தாய்

மாப்பிள்ளைக்கு சங்கிலிமுத்து எழுதுவது: பிழை ஏதும் இல்லை. காதுகுத்துக்கு அவசியம் வரவும்.


பம்பாய்,
9-7-1964

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. மச்சானின் ஒற்றை வரியையும் படித்துச் சிரித்தேன். காதுகுத்துக்குக் கண்டிப்பாக வருகிறேன். மாமன் மடி தயார்.

நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய். இந்தத் தடவை உனக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன். இங்கே எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் ஓர் அறை நிறையக் கணக்கு மெஷின் ஒன்று இருக்கிறது. மெஷின் என்றால் அது வெறும் ஷெட். மச்சானின் வெடிக் கம்பெனியில் காலையில் கணக்கப்பிள்ளை வந்து கதவைத் திறந்து, மருந்தை நிறுத்துக் கொடுத்து, நீ இந்த அறைக்குப் போ, நீ அந்த அறைக்குப் போ என்று சொன்னால்தானே வேலை நடக்கும்? அதுபோல மெஷினுக்குள்ளும் ஒரு கணக்கப்பிள்ளை வேண்டும். ஆள் இல்லை, கட்டளைகள்தான். எல்லாக் கட்டளையும் காகித நாடாவில் ஓட்டை ஓட்டையாகப் போட்டிருக்கும். காலையில் அந்த நாடாவை ஓடவிட்டால் மெஷின் அதைப் படித்து, தூக்கத்திலிருந்து எழுந்து, பக்கத்திலிருக்கும் டைப்ரைட்டரில் 'தயார்' என்று இங்கிலீஷில் அடிக்கும். அதன் பிறகுதான் மற்ற எல்லோருடைய கணக்கும்.

இப்போது இருக்கும் கணக்கப்பிள்ளை வெளிநாட்டில் எழுதியது. மந்தம். பாதி இடத்தை அதுவே அடைத்துக்கொள்கிறது. அதைத் தூக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை நான் எழுதியிருக்கிறேன். நம் நிலையத்துக்கென்றே, நம் வேலைக்கென்றே. பெரியவர்கள் சம்மதித்து, அதற்கேற்றபடி மெஷினுக்குள் கம்பிகளைக்கூட மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். சிவகாசி அச்சாபீசில் நாகையா அண்ணனிடம் குட்டு வாங்கிக்கொண்டு ஈய எழுத்துக் கோத்தவன் இங்கே நாடாவில் ஓட்டை போடுகிறேன். கண்ணும் விரலும் அங்கே பழகியதுதான்.

ஆகஸ்டு முதல் வாரத்தில் புதிய கணக்கப்பிள்ளை பதவி ஏற்கிறார். மெஷின் கிளம்பியதும் நானும் கிளம்பிவிடுவேன்.

ராக்காயி வெடிக்கு அசராமல் இருப்பதைப் படித்து இரண்டு நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நம் அப்பாவுக்கும் அந்த நெஞ்சழுத்தம் உண்டு. நம் ரத்தம் அக்கா!

உன் தம்பி,
தங்கச்சாமி


பம்பாய்,
14-8-1964

அன்புள்ள அக்கா,

மெஷின் எழுந்திருக்கவில்லை.

நாடாவை ஓடவிடுகிறோம். கொஞ்ச தூரம் ஓடுகிறது. சிவப்பு விளக்கு ஒன்று எரிகிறது. நின்றுவிடுகிறது. டைப்ரைட்டர் ஓர் எழுத்துக்கூட அடிக்கவில்லை. என்ன தவறு என்றும் சொல்வதில்லை. சொல்வதற்கும் அந்தக் கணக்கப்பிள்ளைதானே எழுந்து வர வேண்டும்?

இந்த நிலையில் விட்டுவிட்டு வர முடியாது. நிலையம் முழுவதும் என்னால் வேலை நின்று கிடக்கிறது. எல்லோரும் மரியாதையாகவே பேசுகிறார்கள், அதுதான் தாங்க முடியவில்லை. காதுகுத்தைக் கொஞ்சம் தள்ளி வை அக்கா. மாமியாரிடம் நான் கெஞ்சியதாகச் சொல்.

தங்கச்சாமி


நாரணாபுரம்,
23-8-1964

தம்பிக்கு,

தள்ளி வைத்தாயிற்று. பிள்ளைக்கு மாந்தம், மேல் சுடுகிறது என்று பொய் சொன்னேன். மாமியார் வேப்பிலையும் வசம்புமாகக் கொண்டுவந்து, நல்லா இருந்த பிள்ளை வாயில் கசப்பைத் தேய்த்துவிட்டாள். பிள்ளை அழுத அழுகை உன் கணக்கில் சேரும்.

உன் மச்சான், "பெரிய எடத்துல வேல பாக்குறவுக, நம்ம வீட்டுக்கு வருவாகளா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, துண்டை உதறிக்கொண்டு போனார். அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

எனக்கு ஒன்று புரியவில்லை. புதுக் கணக்கப்பிள்ளை சரியில்லை என்றால் பழைய ஆளைக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டியதுதானே? மந்தமோ, சோம்பேறியோ, கதவையாவது திறப்பான் அல்லவா? அதை விட்டுவிட்டு ஊரையே வெளியில் நிற்க வைத்திருக்கிறாய். சின்ன வயசிலிருந்தே உனக்கு எல்லாம் புதுசாக வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை அடுப்படியில் பித்தளைக் குடம் கைதவறிக் கல்லில் விழுந்தது. அடுத்த வீட்டு மூக்கம்மாள் ஓடி வந்து என்ன என்ன என்று கேட்டாள். ராக்காயி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அவள்பாட்டுக்குப் புளியங்கொட்டையை அடுக்கிக்கொண்டிருந்தாள். இதை எழுத வேண்டும் என்று தோன்றியது, எழுதினேன். நீ படித்தவன். இதற்கு மேல் இந்தக் கடிதத்தில் நான் எழுத முடியாது.

காதுகுத்து இனிமேல் கார்த்திகையில்தான். தீபாவளி முடிகிறவரை யாருக்கும் ஓய்வில்லை. அதற்கு முன்னால், ஒரு நாளைக்கானாலும், நீ வந்து போனால் நல்லது.

வேலுத்தாய்


பம்பாய்,
5-9-1964

அன்புள்ள அக்கா,

உன் கோபம் நியாயமானது. உன் கேள்வியும் நியாயமானது. பெரியவர்களும் அதையேதான் கேட்டார்கள். பழைய ஆளைக் கூப்பிட முடியாது. ஷெட்டின் அறைகளையெல்லாம் இடித்துப் புது ஆளுக்காக மாற்றிக் கட்டிவிட்டோம். பழைய ஆள் வந்தால் சுவரில்தான் முட்டிக்கொள்வார். முட்டியும் பார்த்தாயிற்று.

நான் சும்மா இருக்கிறேன் என்று நினைக்காதே. நாடா படிக்கும் கருவியைக் கழற்றித் துடைத்தோம். வேறு கருவி இரவல் வாங்கிப் போட்டோம். மழைக்காலத்தில் காகிதம் நமத்திருக்குமோ என்று புதுச் சுருளைப் பிரித்து முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி ஓட்டை போட்டேன். கட்டளைகளைப் பாதியாக வெட்டி, கால்வாசியாக வெட்டி, வெறும் கதவைத் திறந்தால் போதும் என்கிற அளவுக்குக் குறைத்துப் பார்த்தேன். அதே இடம், அதே சிவப்பு விளக்கு. நாடாவின் ஆரம்பத்தில் கைநீளத் துண்டு ஒன்று உண்டு. மெஷினைத் தட்டி எழுப்புவது அதுதான். மற்றதெல்லாம் டைப்ரைட்டர் மாதிரி ஒரு கருவியில் அடித்து ஓட்டை போட்டது. இதன் ஓட்டைகள் அந்தக் கருவியில் விழாது என்பதால் இந்தத் துண்டை மட்டும் நானே கையால், ஊசியால் குத்த வேண்டும். அதைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். கட்டளைத் தாளை ஒருவர் வாசிக்க, நான் நாடாவைப் பிடித்து ஓட்டை ஓட்டையாகப் பார்த்தேன். பிறகு நான் பிடித்துக் காட்ட அவர் பார்த்தார். ஒரு பிசகு இல்லை. தாளில் எப்படியோ நாடாவிலும் அப்படியே.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. தவறு கண்ணில் பட்டால் திருத்தலாம். சரியாக இருப்பதை என்ன செய்வது? காலையில் அந்த அறைக்குள் நுழையவே கூச்சமாக இருக்கிறது. கூப்பிடக் கூப்பிட பதில் பேசாத ஒன்றின் முன்னால் நாள் முழுக்க நிற்பது எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியாது அக்கா.

குடம் விழுந்ததைப் படித்தேன். புளியங்கொட்டையில் அவ்வளவு கவனமா! கவனம் இருக்கிற பிள்ளை நன்றாகப் படிக்கும். அவளுக்காக இங்கே கடைத்தெருவில் ஒரு பொம்மை வாங்கிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். முதுகில் சாவி கொடுத்தால் பாடும். மாமன் வருகிறவரை அது அவளுக்குப் பாடிக்கொண்டிருக்கட்டும்.

தங்கச்சாமி


விருதுநகர்,
21-9-1964

தம்பி,

விருதுநகரிலிருந்து எழுதுகிறேன். என்னோடு எட்டாம் வகுப்புவரை படித்த ஞானசுந்தரியை உனக்கு ஞாபகம் இருக்கும். இங்கே டீச்சராக இருக்கிறாள். அவளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி பஸ் ஏறி வந்தேன். இந்தக் கடிதத்தை நானே எழுதி, நானே ஒட்டி, ஸ்டேஷன் பக்கத்துப் பெட்டியில் நானே போடப்போகிறேன். அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

உன் பொம்மை வந்தது. சாவி கொடுத்தோம். பாடியது. தெருவே கூடி நின்று பார்த்தது. ராக்காயி அதன் வாயைப் பார்த்தாள். அப்புறம் அதைப் பிடுங்கித் தன் தாடையோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். பாட்டு நின்றதும் என்னிடம் நீட்டினாள். மறுபடி சாவி கொடுத்தேன். மறுபடி தாடையில் வைத்துக்கொண்டாள். பாட்டைக் கேட்கவில்லை தம்பி. அது நடுங்குவதைத் தொட்டுப் பார்க்கிறாள்.

என் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை.

இதை இதுவரை எந்த வாயாலும் சொல்லவில்லை. முதல் தடவையாக உனக்கு எழுதுகிறேன். வீட்டில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்று தட்டைத் தட்டினேன். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். கத்தினேன். திட்டினேன். பிறகு தரையில் காலை ஓங்கி மிதித்தேன், உடனே திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

மாமியாரிடம் லேசாக ஆரம்பித்தேன். "சில பிள்ளைக லேட்டாத்தான் பேசும், வாயக் களுவு" என்றாள். உன் மச்சானிடம் சொன்னேன். "பொட்டப்பிள்ளடி. இத நீ ஒருக்கச் சொன்னா ஊரு நூறு தரம் சொல்லும். பேசாம இரு" என்றார். சொல்லிவிட்டு அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்தால் இல்லாமல் போய்விடும் என்று இருக்கிறார். அதனால்தான் அவர் படிக்கிற கடிதத்தில் நான் வெடி என்றும் குடம் என்றும் எழுதினேன். என் தம்பி படித்தவன், புரிந்துகொள்வான் என்று நினைத்தேன். நீ நம் ரத்தம் என்று எழுதினாய். கவனம் இருக்கிற பிள்ளை என்று எழுதினாய். பாடும் பொம்மை அனுப்பினாய்.

உனக்கு எதையும் நேராகப் பார்க்கத் தெரியாது. அச்சாபீசில் சேர்ந்த பிறகு நீ என் எதிரே உட்கார்ந்துகொண்டு என் கையிலிருக்கும் புத்தகத்தைத் தலைகீழாகவே கடகடவென்று வாசிப்பாய். கடைத்தெருக் கண்ணாடியில் எழுதியிருப்பதைக் கடைக்குள்ளே நின்று பின்பக்கமாக வாசிப்பாய். இடம் வலமாக இருந்தாலும் உனக்கு அதுதான் சரியாகத் தெரியும். நாங்கள் சிரிப்போம். இப்போது என் கடிதத்தையும் அப்படித்தான் பின்பக்கமிருந்து வாசிக்கிறாய்.

இந்த ஊரில் பிள்ளை நடக்க ஆரம்பித்ததும் முதலில் என்ன சொல்லிக் கொடுப்போம் தெரியுமா? பெரிய சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காதே, கண்மாய்ப் பக்கம் ஓடு. நாலா பக்கமும் வெடிமருந்து ஷெட்டுகள். போன வருஷம் கிழக்கே ஒரு கம்பெனி எரிந்தபோது சத்தம் கேட்டு ஓடியவர்கள்தான் பிழைத்தார்கள். இவளுக்கு நான் எதைச் சொல்லிக் கொடுப்பேன்? நான் குழாய் உருட்டும் நேரத்தில் தெருவில் விளையாடுகிறவளை யார் கூப்பிட்டால் திரும்புவாள்?

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் காட்ட வேண்டும். நான் தனியாகப் போனால் டாக்டர் என்னிடம் ஒன்றும் சொல்ல மாட்டார். நீ இங்கிலீஷில் கேட்டால் சொல்வார். காதுகுத்தாம், மடியாம். அதெல்லாம் மற்றவர்களுக்கு. எனக்கு நீ வர வேண்டும்.

நாராயண டீ, சோப்பு என்று ஏதோ விளம்பரத் தாளின் பின்னால்தான் இதை எழுதுகிறேன். இங்கே இருந்தது இதுதான். மன்னித்துக்கொள்.

வேலுத்தாய்


பம்பாய்,
30-9-1964

அக்கா,

வருகிறேன். லீவு வாங்கிவிட்டேன். மச்சான் கையில் பட வேண்டாம் என்று இதை ஞானசுந்தரி மூலமாக அனுப்புகிறேன். கார்த்திகை பிறந்ததும் வந்து, காதுகுத்துக்கு இருந்து, மறுநாளே மூன்று பேரும் மதுரைக்குப் போகிறோம். மச்சானுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். பம்பாயில் ஒரு டாக்டர் பிள்ளைகளின் காதை வருஷா வருஷம் பார்க்கச் சொல்கிறார், அதனால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன் என்று எழுதினேன். பொய்தான். நீ மாந்தம் என்றாய் அல்லவா, அதே ஜாதிப் பொய்.

உன் கடிதத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் வைத்துப் படித்தேன். பிள்ளையைப் பற்றிய வரியோடு நிறுத்திவிட்டேன். வெகுநேரம் கழித்துத்தான் மீதியைப் படித்தேன். எதிரே உட்கார்ந்து தலைகீழாக வாசிப்பாய், இடம் வலமாக இருந்தாலும் உனக்கு அதுதான் சரியாகத் தெரியும் என்று எழுதியிருந்தாய். தட்டை அப்படியே வைத்துவிட்டு மெஷின் அறைக்கு ஓடினேன்.

அந்தக் கைநீளத் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. திருப்பிப் பிடித்தேன். எல்லாம் இடம் வலமாக இருந்தது. மெஷின் படிப்பது அந்தப் பக்கத்தைத்தான். இடம் வலமாகவே இருக்கும் ஈய எழுத்தைக் கோத்த பழக்கத்தில் நான் அந்தத் துண்டைப் பின்பக்கமிருந்து குத்தியிருக்கிறேன். சரிபார்க்கும்போதும் கை தானாக அதே பக்கத்தைத் திருப்பிப் பிடித்திருக்கிறது. பிடித்துக் கொடுத்த பக்கத்தையே மற்றவரும் பார்த்தார். நாடாவை இழுப்பதற்கென்று அதில் ஓரமாக ஓடும் சிறு துளை வரிசை எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒருவன் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். சிவகாசி அச்சாபீசில் வளராத எவனும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டான். அங்கே வளர்ந்தவனுக்கு அது தவறாகவே கண்ணில் பட்டிருக்காது.

துண்டை மறுபடி குத்தி ஒட்டினேன். மெஷின் எழுந்தது. 'தயார்' என்று அடித்தது. எல்லோரும் கைதட்டினார்கள், ஒருவர் மிட்டாய் வாங்க ஆள் அனுப்பினார். நான் வெளியே வந்து, உன் பழைய கடிதங்களை முதலிலிருந்து திரும்பப் படித்தேன். வெடி. குடம். புளியங்கொட்டை. எல்லாம் எவ்வளவு பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறாய் அக்கா! கூப்பிடக் கூப்பிட பதில் பேசாத ஒன்றின் முன்னால் நிற்பது உனக்குத் தெரியாது என்று நான் எழுதியிருக்கிறேன். யாரிடம் எழுதியிருக்கிறேன்!

இதையும் கண்டுபிடித்துவிடலாம். காதில் சளி அடைத்திருக்கலாம், குறும்பி இறுகியிருக்கலாம். ஒரு சின்ன இடத்தில் ஏதோ ஒன்று பக்கம் மாறியிருக்கும். டாக்டர் பார்த்தால் தெரிந்துவிடும். தைரியமாக இரு.

தங்கச்சாமி


பம்பாய்,
4-12-1964

அக்கா,

சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிடுகிறேன்.

என் மடியில் ராக்காயி இருந்த கனம் இன்னும் தொடையில் இருக்கிறது. ஆசாரி ஊசியை எடுத்ததும் கூட்டமே "ராக்காயி, இங்கன பாரு! ராக்கு, இங்கன பாரு!" என்று கத்தியது. உன் மாமியார் கிலுகிலுப்பையை ஆட்டினாள். பிள்ளை யாரையும் பார்க்காமல் என் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி ஏறியதும் அழுதாள். எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் மட்டும் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டதை நான் பார்த்தேன்.

மதுரையில் அந்த டாக்டரிடம் நான் ஒரே கேள்வியைத்தான் மாற்றி மாற்றிக் கேட்டேன். ஆபரேஷன்? மருந்து? வெளியூரில்? அவர் பொறுமையாக ஒரே பதிலைச் சொன்னார். நரம்பு. பிறவியிலேயே. செய்வதற்கு ஒன்றுமில்லை. தமிழில் சொல்லு என்று நீ என்னிடம் கேட்கவே இல்லை. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாய். வழியெல்லாம் நான் பேசினேன். பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, ஐந்து வயதில் சேர்ப்பார்கள் என்றேன். "அஞ்சு வயசு வர உசுரோட இருக்கணும்லலே" என்றாய்.

இங்கே மெஷின் தினமும் காலையில் 'தயார்' என்று அடிக்கிறது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வெளியே போய்விடுகிறேன். எங்கோ ஒரு தவறு இருக்கும், தேடினால் கிடைக்கும், கிடைத்தால் திருத்தலாம் என்று மட்டுமே நான் இத்தனை நாள் படித்திருக்கிறேன். வேறு எதுவும் தெரியாது. இங்கே இருந்துகொண்டு நான் என்ன செய்யட்டும் அக்கா? ஏதாவது சொல். என்ன வேண்டுமானாலும் சொல்.

தங்கச்சாமி


நாரணாபுரம்,
13-12-1964

தம்பிக்கு,

உன்னால் ஒன்றும் செய்ய முடியாது. கோபத்தில் சொல்லவில்லை. என்னாலும் முடியாது. நீ சாப்பிடு, தூங்கு, உன் மெஷினைப் பார்த்துக்கொள். அது எழுந்தது எனக்குச் சந்தோஷம்தான். மூக்கம்மாள்கூடக் கேட்டாள், "ஒந் தம்பி ஓடாத மெசினையெல்லாம் ஓட வச்சானாம்ல?" என்று. ஆமாம் என்றேன்.

பிள்ளையின் காது ஆறிவிட்டது. நீ வாங்கிக் கொடுத்த கம்மல் நன்றாக இருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லோரும் காதைத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

உன் மச்சான் இப்போது என் கடிதத்தைப் படிப்பதில்லை. "நீயே ஒட்டிக் குடு" என்கிறார். மாமியார் சிங்கக்குட்டி என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். கோயில் கோயிலாகக் காசு முடிந்து வைக்கிறாள். நான் தடுப்பதில்லை.

ஒன்று நடந்தது, அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். வடநாட்டுக் கல்யாண சீசன் ஆர்டர் என்று மறுபடி டிரையல் வெடி ஆரம்பித்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை வாசலில் குழாய் உருட்டிக்கொண்டிருந்தேன். ராக்காயி எதிரே உட்கார்ந்திருந்தாள். திடீரென்று மேற்கே ஒன்று ஓங்கி வெடித்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, கையிலிருந்த கோல் தெறித்துவிட்டது. அவளைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பதறியதைப் பார்த்து அவள் முகமும் பதறியது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் வெடிக்கு அலறினாள். அலறிக்கொண்டு ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அந்த நேரத்தில் நான் நினைத்தது, ஐயோ, இனி இந்தப் பிள்ளைக்கு முன்னால் நான் பயப்படக் கூடாது, என் பயம் அவளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்றுதான். பிறகு வேறு மாதிரி தோன்றியது. அவளுக்கு வெடி கேட்கிற இடம் என் முகம் ஒன்றுதான்.

எனக்கு இந்தச் சத்தமெல்லாம் பழகிப்போன சத்தம் தம்பி. இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்ததிலிருந்து, பாதி வெடிக்கு நானே தலை நிமிர்வதில்லை. இப்போது பயப்படப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு சின்ன வெடிக்கும் கண்ணை விரித்து, வாயைப் பிளந்து, அவளைத் தூக்கிக்கொண்டு கண்மாய்ப் பக்கம் ஓடுகிறேன். தெரு சிரிக்கிறது. அஞ்சு வயசுவரை அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், நான் பயந்துகொண்டே இருக்க வேண்டும்.

உன் அக்கா,
வேலுத்தாய்